பட்டாசலில் இருக்கும் அண்ணாச்சியிடம் பேசுங்கள்

கீழப்பாவூர், ஆவுடையானூர், குறும்பலாப்பேரி என்று பாவூர்சத்திரத்தைச் சுற்றிய ஊர்களில் வீடு வீடாகப் போகும் சுகாதார வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பார்க்க உங்களுக்குத் தெரியும். கர்ப்பிணிக் கணக்கு எழுதத் தெரியும். மனச்சிதைவு நோய் உள்ள வீட்டுக்குள் எப்படிப் போவது, யாரிடம் என்ன பேசுவது என்பதை மட்டும் பயிற்சியில் அவசர அவசரமாக முடித்துவிடுகிறார்கள். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த நோயில் மாத்திரை பாதி, வீட்டிலும் தெருவிலும் பேசுகிற பேச்சு பாதி என்பதுதான் நான் கண்டது. மாத்திரையை மருத்துவர் எழுதுவார். பேச்சு உங்கள் பொறுப்பு.

1. ஆளிடம் பேசுங்கள்.

உள்ளே போனதும் அம்மாவைப் பார்த்து, "சாப்பிடுதானா, தூங்குதானா, மாத்திரை போடுதானா?" என்று கேட்கத்தான் வாய் வரும். பட்டாசலில் சுவரோரம் உட்கார்ந்து அவர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நோய் வந்த ஆளை நம் பேச்சு படிப்படியாகக் கீழே இறக்குகிறது. 'அவுக' என்றிருந்தவர் 'அவன்' ஆவார், பிறகு 'அது' ஆவார். "அது தின்னுட்டுப் படுத்துக் கெடக்கு" என்பார்கள். சின்னப் பிள்ளையைச் செல்லமாக 'அது' என்போம். நாற்பது வயது ஆளை அப்படிச் சொல்லும்போது அதில் செல்லம் எங்கே இருக்கிறது?

நீங்கள் நேரே அவரிடம் போங்கள். "அண்ணாச்சி, நான் நர்சு வந்திருக்கேன். ஒங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசலாமா?" பதில் வராமல் போகலாம். வந்தாலும் மெதுவாக வரும். காத்திருங்கள். முதல் தடவை ஒன்றும் நடக்காது. ஆனால் வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் இவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டாள் என்பது அன்றைக்கே அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

2. நோயின் இரண்டு பக்கமும் தெரிந்திருக்கட்டும்.

யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்பது, பக்கத்து வீட்டுக்காரர் மருந்து வைத்துவிட்டார் என்று நம்புவது, டிவியில் பேசுபவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைப்பது, பேச்சு கோவையில்லாமல் போவது. இவை ஊருக்குத் தெரியும் பக்கம். தெரியாத பக்கம் அமைதியானது. குளிக்க மாட்டார், பேச மாட்டார், எதிலும் ஆசை இருக்காது, முகத்தில் சிரிப்போ கோபமோ வராது. முதல் பக்கத்தைக் கண்டு பயப்படும் வீடு, இரண்டாவது பக்கத்தைச் சோம்பேறித்தனம் என்று ஏசும். "தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குதான்" என்று ஒரு தகப்பனார் சொன்னால், அதுவும் நோய்தான் என்று பொறுமையாக விளக்குங்கள். குரல் கேட்பதை மாத்திரை ஓரளவு சீக்கிரம் அடக்கிவிடும். இந்தச் சோர்வுக்கு அது அவ்வளவாகக் கேட்காது. நெடுநாள் எடுக்கும்.

உலகத்தில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீங்கள் பார்க்கும் ஊர்களின் தலைக்கட்டுக் கணக்கை எடுத்து நீங்களே வகுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பத்தொன்பது இருபதிலிருந்து முப்பதுக்குள் தொடங்கும், ஆண்களுக்குக் கொஞ்சம் முன்னதாக. காலேஜுக்குப் போன பையன் பாதியில் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டான் என்று கேள்விப்பட்டால், காதல் தோல்வி என்று ஊர் முடிவு கட்டுவதற்குள் நீங்கள் போய்விடுங்கள். சிகிச்சை எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவுக்குத் தேறுவது கடினம். தாமதத்துக்குப் பெரிய காரணம் வெட்கம். வெட்கத்தை உண்டாக்குவது நம் பேச்சு.

3. 'அந்நியன்' படத்தை மறந்துவிடுங்கள்.

ஒரே உடம்பில் இரண்டு மூன்று ஆட்கள் இருப்பதாகக் காட்டியது வேறு சங்கதி. மனச்சிதைவு உள்ளவருக்குள் இன்னொரு ஆள் கிடையாது. 2001-ல் வந்த 'ஆளவந்தான்' இந்த நோயைக் கொலைகாரனுக்குக் கொடுத்தது. அதனால் வந்த பயம் இன்னும் போகவில்லை.

4. 'கோட்டி' என்ற சொல்லைப் பற்றி.

நம் பக்கத்தில் கூட்டாளிகள் ஒருத்தரையொருத்தர் "ஏலே கோட்டிக்காரா" என்று கூப்பிடுவதை நான் தடுக்கப் போவதில்லை. டீக்கடையில் போய் வாத்தியார் வேலை பார்க்க முடியாது. ஆனால் நோய் உள்ள வீட்டு வாசலில், அந்த வீட்டை அடையாளம் சொல்லும்போது, உங்கள் குறிப்பேட்டில் அந்தச் சொல் வரக்கூடாது. "கோட்டிக்காரன் வீட்டுக்கு எதுத்த வீடு" என்று வழி சொல்வார்கள். "யாரு, அவுக அப்பா பேரு என்ன?" என்று திருப்பிக் கேளுங்கள். அது போதும், பிரசங்கம் வேண்டாம். லூசு, மெண்டல், கிறுக்கு எல்லாவற்றுக்கும் இதுதான். நீங்கள் சொல்லும்போது 'மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்' என்று சொல்லுங்கள். நீளமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

இன்னொரு பேச்சும் இருக்கிறது. சாப்பிட மறுத்தால், குளிக்க மறுத்தால், "ஏர்வாடியில கொண்டு விட்டுருவேன்" என்று மிரட்டுவது. நம் மாவட்டத்துக்குப் பக்கத்தில் வள்ளியூர்ப் பக்கமும் ஓர் ஏர்வாடி உண்டு, அந்த ஊருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இவர்கள் சொல்வது ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. அங்கே தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் இருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் அதில் ஒன்று தீப்பிடித்தது. ஓலைக்கொட்டகை. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். அவர்களை அங்கே கொண்டு விட்டவர்கள் கொடியவர்களில்லை, பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும்தான். பக்கத்தில் மனநல மருத்துவர் இல்லை, ஊரில் தலை காட்ட முடியவில்லை, யாரோ ஒருவர் சொன்னார், கொண்டு போய் விட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கைக் கையில் எடுத்தது, சங்கிலி போட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. இப்போது உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் வந்தது, 2018 மே மாதம் நடைமுறையானது. அதன் 95-வது பிரிவின்படி மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது. வீட்டுத் தொழுவத்தில் கட்டியிருப்பதைப் பார்த்தால் சத்தம் போடாதீர்கள். அவிழ்க்கிற வழி மருந்து. அன்றைக்கே மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள்.

5. சாமியோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

நம் மாவட்டத்தில் இந்த நோயோடு வருகிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு முன்பே மூன்று இடம் போயிருப்பார்கள். சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால் இருக்கும் சக்கரத்தில் உட்கார வைத்திருப்பார்கள், புற்றுமண் பூசியிருப்பார்கள். பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலில் ஓதியிருப்பார்கள். அங்கே எல்லாச் சாதி, மதத்து ஆட்களும் போவது உங்களுக்குத் தெரியும். குற்றாலத்தில் அருவிக்கு அடியில் தலையைக் காட்டினால் பித்தம் தெளியும் என்று நிறுத்தி வைத்திருப்பார்கள்.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லி முகத்தைச் சுளித்தால் அந்த வீட்டுக் கதவு உங்களுக்கு அதோடு மூடிவிடும். திண்டுக்கல் மாவட்டத்தில் முத்துசாமி கோயில் ஒன்றில் வந்து தங்கிய மனநோய் உள்ளவர்களைப் பெங்களூரு மருத்துவர்கள் கவனித்து, 2002-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே மிரட்டல் இல்லை, ஆதரவு இருந்தது. வேலை கொடுப்பார்கள், கூட ஒரு உறவினர் தங்குவார். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் அறிகுறிகள் ஓரளவு குறைந்திருந்தன. மிரட்டாத, ஏசாத இடம் கொஞ்சம் குணப்படுத்துகிறது என்றுதான் நான் அதைப் படித்தேன். சாமி செய்ததா, மரியாதை செய்ததா என்பதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடுவோம்.

எனவே, "கோயிலுக்கும் போங்க, மாத்திரையையும் விடாதீங்க" என்று சொல்லுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். விரதம், பத்தியம் என்று சொல்லி மாத்திரையை நிறுத்துவது. மாலை போடும் மாதங்களில் முன்கூட்டியே போய்ப் பேசிவிடுங்கள்.

6. கல்யாணம் மருந்தில்லை.

"ஒரு கால்கட்டு போட்டா சரியாயிரும்" என்று சொல்லும் அத்தை எல்லாத் தெருவிலும் இருக்கிறாள். பையனுக்கு என்றால் வெளியூரில் ஏழை வீட்டுப் பெண்ணைப் பார்ப்பார்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாத்திரையை ஒளித்து வைப்பார்கள். தூக்கமில்லாத சடங்குகள், கூட்டம், புது ஆள். மறுமாதமே நோய் திரும்பும். பெண்ணுக்கு என்றால் நிலைமை இன்னும் மோசம். மாமியார் வீட்டில் தெரிந்ததும் நகையை வைத்துக்கொண்டு ஆளைக் கொண்டு வந்து விட்டுவிடுவார்கள். சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கென்றே நடக்கும் ஸ்கார்ஃப் அமைப்பின் டாக்டர் தாராவும் கூட வேலை செய்தவர்களும், இப்படி மணவாழ்க்கை முறிந்த பெண்களைப் பற்றி 2003-ல் எழுதியிருக்கிறார்கள். முறையான விவாகரத்தும் இல்லாமல், ஜீவனாம்சமும் இல்லாமல், வயதான பெற்றோர் வீட்டில் இருந்தவர்கள் அவர்கள். நம் பக்கமும் அப்படித்தான்.

நோய் உள்ளவர் கல்யாணம் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்து, பிள்ளை பெற்று, நன்றாக இருப்பவர்கள் உண்டு. மறைத்துச் செய்யக்கூடாது, அவ்வளவுதான். பரம்பரையாக வருமா என்று கேட்பார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் பத்து. உருவம் ஒன்றான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்குக்கூட நூற்றில் நூறு வருவதில்லை, பாதியளவுக்குத்தான். கஞ்சா ஆபத்தைக் கூட்டும். தாய் வளர்த்த விதத்தால் வரும் என்ற பேச்சு எங்கே வந்தாலும் அங்கேயே வெட்டிவிடுங்கள். செய்வினை என்றால் வாக்குவாதம் வேண்டாம், ஐந்தாவதைப் பாருங்கள்.

7. மாத்திரையை நிறுத்தியவரை ஏசாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள்.

கை நடுங்கும், நாக்கு தடிக்கும், எச்சில் வடியும், உடம்பு போடும், சர்க்கரை ஏறும், பெண்களுக்குத் தீட்டு தள்ளிப்போகும். வெட்கத்தில் சொல்ல மாட்டார்கள், பேசாமல் நிறுத்திவிடுவார்கள். இதற்கெல்லாம் மாற்று மருந்து உண்டு, அளவைக் குறைக்கவும் முடியும். அதை மருத்துவர் செய்ய வேண்டுமென்றால் யாராவது ஒருத்தர் அவருக்குச் சொல்ல வேண்டும். அந்த ஒருத்தர் நீங்கள். தினம் விழுங்க முடியாதவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. குழம்பில் கலந்து கொடுக்கும் வழக்கத்தை ஊக்குவிக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் வீட்டுச் சோற்றையே சந்தேகப்படுவார். ஏற்கெனவே அந்தச் சந்தேகம் உள்ள நோய் இது.

இன்னொரு காரணம் கூலி. பீடி சுற்றும் வீட்டில் அம்மா மாத்திரை வாங்க ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்குப் பீடி இல்லை, பஸ் காசும் போகும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை நமக்குப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்பதை விசாரித்து வைத்துக்கொண்டு அதைச் சொல்லுங்கள். பீடி பிடிக்கிறவர் என்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லச் சொல்லுங்கள். ஓலன்சபின், குளோசபின் போன்ற மருந்துகளைப் புகை சீக்கிரம் கரைத்துவிடும். திடீரென்று பீடியை விட்டாலும் அளவு கூடிப்போகும்.

8. வீட்டுச் சத்தம்.

லண்டனில் 1976-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியவர்களை ஒன்பது மாதம் கவனித்தார்கள். குறை சொல்வதும், கரித்துக்கொட்டுவதும், மூச்சு விடாமல் கவனித்துக்கொண்டே இருப்பதும் அதிகமான வீடுகளில் நூற்றுக்கு ஐம்பத்தொரு பேருக்கு நோய் திரும்பியது. அமைதியான வீடுகளில் பதிமூன்று பேருக்கு. பிறகு சண்டிகரில் பார்த்தபோது, நம் நாட்டுக் குடும்பங்களில் இந்தக் கரிப்பு லண்டனைவிடக் குறைவாக இருந்தது. இதைச் சொல்லித் தாயைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். விடிந்தால் அடைந்தால் ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்பவளுக்குக் கோபம் வரத்தான் செய்யும். நாளில் கொஞ்ச நேரம் அவரை வேறு யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். வீட்டின் சத்தம் அதில் குறையும்.

9. குரல் கேட்கிறது என்றால்.

"அப்படி ஒண்ணும் இல்ல" என்று அடித்துச் சொல்லாதீர்கள். "ஆமா, எனக்கும் கேக்கு" என்று விளையாடவும் வேண்டாம். "எனக்குக் கேக்கல அண்ணாச்சி. ஒங்களுக்குக் கேக்குதுன்னா பயமாத்தான் இருக்கும்" என்று சொல்லுங்கள். பிறகு அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். செத்துப்போ என்று சொல்வதாகச் சொன்னால் அன்றைக்கு அந்த வீட்டை விட்டு நகராதீர்கள். இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் தற்கொலையால் போகிறார். 14416 என்ற மனநல உதவி எண் 2022 அக்டோபர் முதல் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

10. அடிப்பார்களா என்று கேட்பார்கள்.

மருந்தில்லாமல், பயத்தின் உச்சத்தில், சில நேரம் அடிப்பது உண்டு. அடிபடுவது அதைவிட அதிகம். ரோட்டில் கல் எறிபட்டவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊரில் செல்போனில் வீடியோ எடுக்கும் பையன்களையும், கொலைச் செய்தியில் 'மனநோயாளி' என்று கொட்டை எழுத்தில் போடும் நிருபர்களையும் கண்டால் சொல்லுங்கள்: சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று அதே 2017 சட்டத்தில் 24-வது பிரிவு இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலோ ரயில் நிலையத்திலோ மொழி தெரியாமல் திரியும் ஒருவரைக் கண்டால் போலீசில் சொல்லுங்கள். 100-வது பிரிவின்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போவது அவர்கள் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது.

11. தேறுவார்களா?

தேறுவார்கள், எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. சென்னையில் 1981-லிருந்து 90 பேரை இருபத்தைந்து ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தார்கள். பத்தாண்டு முடிவில் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் தணிந்திருந்தன, வேலைக்குப் போனவர்கள் உண்டு. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன், 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு 1984-ல் அவர் தொடங்கியதுதான் மேலே சொன்ன ஸ்கார்ஃப். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கும் நாம், அங்கே வேலை பார்த்த அந்த அம்மாவின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை.

நம் பக்கத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. ஆய்க்குடியில் 1981-ல் ராமகிருஷ்ணன் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கழுத்துக்குக் கீழே அசைவில்லாத மனிதர் அவர். அந்த ஒரு இடம் இருப்பதால் நம் ஊர்களில் சக்கர நாற்காலியில் வருகிறவரை இன்று யாரும் கேலி செய்வதில்லை, வழி விடுகிறார்கள். கண்ணால் பார்க்கப் பார்க்க ஊரின் நாக்கு திருந்தியிருக்கிறது. மனச்சிதைவு உள்ளவரை நாம் பட்டாசலுக்குள்ளேயே வைத்திருக்கிறோம், ஊர் எதைப் பார்த்துத் திருந்தும்? சந்தைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கத்தரிக்காய் வாங்கி மீதிக் காசு எண்ணி வரட்டும். ரெண்டு ரூபாய் குறைந்தால் குறையட்டும்.

12. அட்டை.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவர் மதிப்பிட்டால் அடையாள அட்டை உண்டு. "கோட்டின்னு முத்திரை குத்துன மாதிரி ஆயிருமே" என்று சில வீட்டில் மறுப்பார்கள். கட்டாயப்படுத்தாதீர்கள். வாங்கினவர் ஒருவரின் அம்மாவைக் கூட்டிப் போய்ப் பேச வையுங்கள்.

13. "எனக்குப் பொறவு யாரு?"

பழகின பிறகு எல்லாத் தாயும் இதைக் கேட்பாள். கடவுள் இருக்கிறார் என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். தம்பியும் அவன் பெண்டாட்டியும் ஊருக்கு வரும் கோயில் கொடை நேரத்தில், அம்மா உயிரோடு இருக்கும்போதே, அந்த அண்ணாச்சியையும் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். தனக்குப் பதில் யார் முடிவெடுக்கலாம் என்று ஒருவரை அவரே எழுதி நியமிக்கலாம், எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்பதையும் தெளிவாக இருக்கும்போது எழுதி வைக்கலாம். சட்டம் இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. வங்கிக் கணக்கு அவர் பெயரில் இருக்கட்டும். வீட்டைப் பாகம் பிரிக்கும்போது கையெழுத்து வாங்க மட்டும் அவரைக் கூப்பிடுகிறார்களா என்று பாருங்கள். ரேஷன் அட்டையில் பேர் இருக்கிறதா என்றும் பாருங்கள். எடுத்திருந்தால் திரும்பச் சேர்ப்பதற்கான மனுவை அன்றைக்கே எழுதுங்கள், கையெழுத்தை அவரையே போடச் சொல்லுங்கள்.